மூன்று நிமிடத் தகுதி

மல்லசமுத்திரத்தில் கூட்டுறவு விற்பனைச் சங்கம் நடத்தும் பருத்தி ஏலத்தில், வியாபாரி மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடியை உருவி, இழையை நீவிப் பார்த்து, ஈரத்தை விரலால் அறிந்த பின்னரே விலை கேட்கிறார். 1970-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு மாணவர்களைப் பொறுக்கிய குழுவினருக்கோ அத்தனை பரிசோதனை தேவைப்படவில்லை. அன்றைய விதிப்படி 275 மதிப்பெண்களில் 75 நேர்காணலுக்கு, அதாவது மாணவரை எதிரே அமர்த்தி உரையாடி மதிப்பிடும் சடங்குக்கு, ஒதுக்கப்பட்டிருந்தது. விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, தொண்டு, உடல் உறுதி, பொதுத்திறன், நாட்டம் ஆகிய ஐந்தும் சராசரியாக மூன்று நிமிடங்களில் அளக்கப்பட்ட செய்தி, பெரியகருப்பன் வழக்கின் வழியே உச்ச நீதிமன்றத்தை எட்டியது. நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் உடல் உறுதியை அதற்குள் கண்டுகொண்டது மருத்துவத்துக்கே உரிய நுட்பமாக இருக்கலாம். 75 மதிப்பெண் மிகையாகவே தோன்றுகிறது என்று நீதிமன்றம் 1970-இலேயே கருதியது. ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், 1980-இல், 15 விழுக்காட்டைத் தாண்டலாகாது என வரம்பு கட்டியது. 2016 சனவரி 1 முதல் நடுவண் அரசு, அரசிதழ்ப் பதிவு பெறாத தன் பணிகளுக்கு நேர்காணலையே கைவிட்டது. எஞ்சிய இடங்களுக்காக, தன் பலவீனம் யாது என்ற வினாவுக்கு, அளவுக்கு மீறி உழைப்பதே என்று முகம் மாறாமல் விடையிறுக்கும் கலை, நகரத்துப் பயிற்சி நிலையங்களில் இன்றும் கட்டணம் பெற்றே கற்பிக்கப்படுகிறது.