கியர் ராடு தேய்ந்துவிட்டதா? ஓனர்களுக்கு ஒரு கையேடு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் நாற்பது லாரி வைத்திருப்பவரும் ஓனர்தான், ஒற்றை லாரி வைத்திருப்பவரும் ஓனர்தான். இந்தக் கையேடு ஒற்றை லாரிக்காரருக்கு. ஃபைனான்ஸ் தவணை, இன்சூரன்ஸ், எஃப்சி, டயர் என்று கை நீட்டுகிறவர்கள் வரிசையாக நிற்கும் நேரத்தில், "கியர் ராடு ஆடுதுங்க" என்று டிரைவர் போன் போட்டால் என்ன செய்வது? இதற்கு முறையான வழிகாட்டல் இதுவரை இல்லை. அந்தக் குறை இன்றோடு தீர்கிறது.

முதல் விதி, எதையும் உடனே பார்க்கக் கூடாது. ராடு ஆடுவது நோய் இல்லை, வண்டியின் சுபாவம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். போனில் உரையாடல் இப்படி அமைய வேண்டும்:

"மூணாவது விழ மாட்டேங்குதுங்க மொதலாளி."

"நேத்து விழுந்துச்சில்ல?"

"விழுந்துச்சுங்க. தேடிப் புடிச்சுப் போட்டேன்."

"அப்ப இன்னைக்கும் தேடு."

இந்தத் தேடல் எத்தனை மாதம் வேண்டுமானாலும் நடக்கும். தேய்மானம் ஒரே நாளில் வருவதில்லை என்பதால், ஒரே நாளில் பார்த்தாக வேண்டிய அவசியமும் யாருக்கும் வருவதில்லை. லோடு இறக்கிவிட்டுப் பார்க்கலாம், ரிட்டர்ன் லோடு கிடைத்துவிட்டால் அதையும் இறக்கிவிட்டுப் பார்க்கலாம், ஆயுத பூஜைக்கு எப்படியும் வண்டி நிற்கும், அப்போது பார்க்கலாம். ஆயுத பூஜையன்று ராடின் குமிழுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டால் அதற்கு அப்புறம் கழற்ற யாருக்கு மனசு வரும்?

எப்போதாவது உண்மை தெரிய வேண்டும் என்று தோன்றினால், தெரியாமலே தப்பிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. பழகிய டிரைவரைக் கேளுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, நல்லாத்தான் இருக்குது" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கு நல்லாத்தான் இருக்கிறது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு அவர் மாற்றும்போது இடது கையைக் கவனியுங்கள். ராடை நேராகத் தள்ள மாட்டார். நியூட்ரலுக்கு வந்ததும் குமிழை உள்ளங்கையில் ஏந்துவார். தொடைப் பக்கம் இழுத்து, மணிக்கட்டை லேசாகத் திருப்பி, ஒரு நொடி எதற்கோ காத்திருப்பார். அப்புறம் உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னால் ஒரு தட்டு. விழுந்துவிடும். ஒரு புஷ் தேய்ந்தபோது அந்த இழுப்பு சேர்ந்தது, இன்னொன்று தேய்ந்தபோது அந்தத் திருப்பல். அவருக்கே தெரியாமல் கை கற்றுக்கொண்ட வித்தை அது. ராடு தேயத் தேயக் கை தேறிக்கொண்டே வந்திருக்கிறது, அதனால் நடுவில் ஏதோ கெட்டுப்போன விஷயம் கேபினுக்குள் யாருக்கும் தெரியவே தெரியாது.

ஆகவே நோயைக் கண்டுபிடிக்கிற கருவி ஸ்பேனர் அல்ல, ஆக்டிங் டிரைவர். அவருக்கு உங்கள் வண்டியோடு முன்பின் உறவு கிடையாது. பங்க்கைத் தாண்டி டோல்கேட் வருவதற்குள் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். ஐந்தாவது போடப் போய் மூன்றாவதில் விழுந்து இன்ஜின் அலறினால், செலக்டர் பக்கம் தேய்மானம் என்று சந்தேகிக்கலாம். அவர் ராடைப் பிடித்துக்கொண்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். என்னைக் கேட்டால், வருஷத்துக்கு ஒரு முறை டிரைவருக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்து வேறு ஆளை ஓட்டச் சொல்லிப் பார்ப்பதுதான் ஒரு லாரிக்குச் செய்யக்கூடிய மிகச் சிக்கனமான சர்வீஸ். இதைச் சொன்னால் ஓனர்கள் முறைப்பார்கள், அதனால் வேகமாக அடுத்ததுக்குப் போகிறேன்.

பட்டறைக்குப் போகுமுன் எந்தப் பட்டறை என்று முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் நோய் அதைப் பொறுத்தது. கிளட்ச் வேலை செய்கிறவரிடம் போனால் கிளட்ச் பிளேட். கியர் பாக்ஸ் மேஸ்திரியிடம் போனால், "பாக்ஸை இறக்கிப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்". ஆயில் கடைக்காரரிடம் சொன்னால், எண்பது-தொண்ணூறு ஊற்றாமல் வேறு எதையோ ஊற்றிவிட்டீர்கள். டீக்கடையில் சொன்னால், இந்தக் கம்பெனி வண்டியே அப்படித்தான். இத்தனை பேரும் அவரவர் தொழிலுக்கு உண்மையாக இருக்கிறார்கள். பாக்ஸுக்கு வெளியே, சேஸிஸ் ஓரமாக, சேறும் கிரீஸும் அப்பிய ஒரு சின்ன புஷ்ஷுக்காகப் பேசத்தான் ஆள் இல்லை. அந்த புஷ்ஷை மாற்றுவதால் யாருக்கும் பெரிய லாபம் கிடையாது, பிறகு யார் பேசுவார்கள்?

இவ்வளவு சொல்லியும், கண்டுபிடித்தே தீருவேன் என்று நிற்கிற பிடிவாதக்காரர்களுக்காக மேற்கொண்டு கொஞ்சம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று விழவில்லை என்றால் பதற வேண்டாம். உள்ளே பல்லுக்கு நேராகப் பல் நின்றிருக்கும். வேறு கியரில் போட்டு எடுத்து மறுபடி முயன்றால் விழும். இன்ஜின் அணைந்திருக்கும்போது எல்லாம் வெண்ணெயாக விழுந்து, ஓடும்போது மட்டும் கரகரத்தால் ராடைக் குறை சொல்லாதீர்கள். கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை, இல்லாவிட்டால் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ரிவர்ஸ் இருக்கிறது. பெரும்பாலான லாரிகளில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, நாலைந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பொறுத்த பிறகும் பல் உரசினால் குற்றவாளி கிளட்ச். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் நிரபராதி.

மாறாக, இன்ஜின் அணைந்திருக்கும்போதே ராடு முரண்டு பிடித்தால், அல்லது எந்தக் கியர் எங்கே இருக்கிறதென்றே கைக்குத் தெரியாமல் தொளதொளவென்று சுற்றினால், நம் ஆள் சிக்கிவிட்டார்.

இங்கே ஒரு கணக்கு. பாக்ஸின் தலையிலேயே ராடு நிற்கிற வண்டிகளில், ராடின் கீழ்ப்பக்கம் ஓர் உருண்டை இருக்கும். அது ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும், மேலே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். உருண்டைக்குக் கீழே ஒரு விரல் நீட்டிக்கொண்டு போய் செலக்டர் ஷாஃப்டுகளின் பள்ளங்களில் நுழைகிறது. உருண்டைக்கு மேலே ராடு 60 செ.மீ., கீழே விரல் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே 1 மி.மீ. தேய்ந்தால் மேலே குமிழில் 6 மி.மீ. ஆட்டம். குழியில் போட்ட புஷ் தேய்ந்தால் அதன் பங்கு தனி. கேபின் சாய்கிற வண்டியென்றால் ராடுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் நீளக் கம்பிகளோ கேபிளோ போகிறது. அங்கங்கே பால் ஜாயின்ட், புஷ், பின். ஒவ்வொன்றிலும் தலைமுடி அளவு இடைவெளி போதும், எல்லாம் சேர்ந்து குமிழில் வந்து நிற்கும்போது நாலு விரல் அகலம் ஆடும். இதைப் பார்த்துவிட்டுத்தான் "பாக்ஸே போச்சு" என்று ஓனர் தலையில் கை வைக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. நியூட்ரலில் ராடைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டாதீர்கள். ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குப் போவதற்காக அது அப்படி ஆடத்தான் வேண்டும். விட்டதும் ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவருகிறதா என்பதே கேள்வி. விட்ட இடத்திலேயே சோம்பி நின்றால் ஸ்பிரிங் போய்விட்டது. அப்புறம் ஒரு கியரில் போட்டுவிட்டு ஆட்டுங்கள். இங்கே முன்னும் பின்னும் தெரிகிற ஆட்டம்தான் தேய்மானம்.

இப்போது கிளீனர் தம்பியை அடியில் அனுப்பலாம். இன்ஜின் அணைந்தே இருக்க வேண்டும், சாவி உங்கள் பாக்கெட்டில். நீங்கள் மேலே ராடை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்க, தம்பி கம்பி போகிற வழியைத் துணியால் துடைத்துவிட்டு ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். எந்த மூட்டின் இந்தப் பக்கம் நகர்ந்து அந்தப் பக்கம் நகரவில்லையோ, அங்கேதான் உங்கள் மூன்றாவது கியர் தொலைந்து போயிருக்கிறது. அடியிலிருந்து "அண்ணே, இங்க ஒண்ணு ஓவலா இருக்குது" என்று குரல் வரும். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். முட்டை லோடு ஏற்றுகிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கண்டுபிடித்த பிறகு பாரம்பரிய வைத்தியம் தொடங்கலாம். பழைய டியூபை வெட்டிச் சுற்றுவது, செருப்பு அடியை வட்டமாக அறுத்து புஷ் என்று பெயர் வைப்பது, பின் போன இடத்தில் கைக்குக் கிடைத்த போல்ட்டைத் திணிப்பது, எல்லாவற்றுக்கும் மேலே கிரீஸை வாரி அப்புவது. இவை அனைத்தும் நிஜமாகவே வேலை செய்யும், அடுத்த மழை வரைக்கும். செருப்பு அடியின் தனிச்சிறப்பு, அது தேயும்போது மறுபடி டிரைவரின் கை அதற்கும் பழகிக்கொள்ளும்.

தேய்மானத்தை இன்னும் வேகப்படுத்த விரும்புகிறவர்களுக்கும் வழி உண்டு. கியர் போட்ட பிறகும் கையை ராடின் மேலேயே ஓய்வாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கையின் பாரம் ராடு வழியாக இறங்கி, சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்லீவில் ஃபோர்க்கை விடாமல் உரசவைக்கும். புஷ்ஷோடு முடிய வேண்டிய செலவு மெல்ல பாக்ஸுக்குள் போய்விடும். கம்பீரமாகவும் இருக்கும்.

விரலே தேய்ந்துபோனால் வேறொரு வேடிக்கை. இரண்டு ஷாஃப்டுகளின் பள்ளங்களுக்கு நடுவில் அது போய்ச் சிக்கிக்கொள்ளும். இரண்டு கியர் ஒரே சமயத்தில் விழாமல் காக்க உள்ளே ஒரு பூட்டு இருக்கிறது, அது தன் கடமையைச் செய்ய, ராடு எந்தப் பக்கமும் அசையாது. இது பெரும்பாலும் சிக்னலில், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது நடக்கும். மேல் மூடியைக் கழற்றி டயர் லிவரால் பள்ளங்களை ஒரே நேருக்குக் கொண்டுவந்தால் வண்டி கிளம்பும். விரல் தேய்ந்த விஷயம் அப்படியே இருக்கும்.

போட்ட கியர் தானாக வெளியே வந்துவிடுவது மட்டும் விளையாட்டுக் கணக்கில் சேராது. டிரைவர் ராடை ரப்பர் கயிற்றால் சீட்டோடு கட்டியிருந்தாலோ, கிளீனரை அதைப் பிடித்துக்கொண்டே உட்காரச் சொல்லியிருந்தாலோ, கையேட்டை மூடிவிட்டு வண்டியை நிறுத்துங்கள். கம்பியில் இடைவெளி அதிகமாகி கியர் முழு ஆழத்துக்குப் போகாமல் இருக்கலாம். ஷாஃப்டைப் பிடித்து நிறுத்துகிற குண்டும் ஸ்பிரிங்கும் களைத்திருக்கலாம். பல்லின் ஓரம் மழுங்கியிருக்கலாம். பாக்ஸ் மவுண்டிங் அறுந்திருந்தால், ஆக்சிலரேட்டரை அழுத்தி விடும்போதெல்லாம் ராடு தானாக முன்னும் பின்னும் போய்வரும். எதுவானாலும் சரி, தர்மபுரியிலிருந்து சேலம் இறங்குகிற தொப்பூர் கணவாயில் நிறை லோடோடு கியர் நழுவினால் வண்டியைப் பிடித்து வைத்திருந்த இன்ஜினின் இழுப்பு அந்த நொடியே போய்விடும். பாரம் முழுவதும் பிரேக்கில் இறங்கும், டிரம் காயும், காய்ந்த பிரேக் பிடிக்காது. வேகம் ஏறிவிட்ட பிறகு கியரைத் திரும்பப் போடுவது சிங்க்ரோவின் சக்திக்கு மீறியது. டபுள் கிளட்ச் அடித்து இன்ஜினை ஏற்றிச் சேர்க்கத் தெரிந்த பழைய கை வேண்டும். 1928இல் காடிலாக் கார் சிங்க்ரோமெஷ்ஷைக் கொண்டுவந்ததிலிருந்து அந்த வித்தை கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டிருக்கிறது. டீசல் மிச்சம் என்று அதே இறக்கத்தில் தெரிந்தே நியூட்ரல் தட்டுகிறவர்களுக்கு என்னிடம் எந்த ஆலோசனையும் இல்லை.

பட்டறையில் கேட்க வேண்டியவை இரண்டு. "பாக்ஸை இறக்காம, கம்பி மூட்டு எல்லாத்தையும் மொதல்ல பாருங்க" என்பது ஒன்று. "கழட்டுன பழைய சாமானை எங்கிட்டக் குடுங்க" என்பது இன்னொன்று. இரண்டாவதைக் கேட்டதும் மேஸ்திரியின் முகம் கொஞ்சம் மாறும். மாறட்டும்.

இதெல்லாம் நமக்குச் சரிப்படாது, விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தால், டிரையல் பார்க்க வருகிறவரை டிரைவர் சீட்டில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். பழைய டிரைவரையே ஓட்டச் சொல்லுங்கள். அவர் கையில் மூன்றாவது பூ மாதிரி விழும். வாங்குகிறவர் நீங்கள் என்றால், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்டுக்கொண்டு வராமல், வண்டியை ஓரங்கட்டி ராடை ஒரு தடவை நீங்களே பிடித்துப் பாருங்கள்.