தேதி எங்கே இருக்கிறது?

எண்பதுகளில் அரிமளத்தில் கண் முகாம் நடத்த முதலில் வேண்டியிருந்தது ஒரு நல்ல தொண்டை. புதுக்கோட்டை அச்சகத்தில் ரோஸ் தாளில் நோட்டீஸ் அடித்து வாங்கி வருவோம்தான். ஆனால் நோட்டீஸை எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்குக் கண் தெரிகிற ஆளுக்கு முகாம் எதற்கு? அதனால் வாடகைக் காரின் தலையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு கே.புதுப்பட்டி, ஓணாங்குடி, ராயவரம், கடியாபட்டி என்று சுற்றுவோம். மைக் என் கையில் இருக்கும். மாற்றுத் துணி ஒரு செட் எடுத்து வரவும், சாப்பாடு இலவசம், ஆபரேஷன் இலவசம் என்று நான் கூவக் கூவ, திண்ணையில் இருக்கும் அப்பத்தாக்களுக்குச் சந்தேகம் வலுக்கும்.

"ஏப்பா, கண்ணை நோண்டி எடுத்துக்கிருவாகன்னு சொல்றாகளே, நெசமா?"

இதற்குப் பதில் சொல்ல மைக் போதாது. காரை விட்டு இறங்கி, திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த நீர்மோரைக் குடித்து, போன வருஷம் மதுரைக்குப் போய்ப் புரை எடுத்துக்கொண்டு வந்த பக்கத்துத் தெருக்காரரைக் கூப்பிட்டு நிறுத்த வேண்டும். அவர் சோடாபுட்டிக் கண்ணாடியோடு வந்து நின்று, அப்பத்தா கட்டியிருக்கும் சேலை என்ன நிறம் என்று சொன்னால் முடிந்தது வேலை. கண்ணுக்குள் லென்ஸ் வைப்பதெல்லாம் அப்போது வசதியுள்ளவர்கள் சமாச்சாரம். 1992-ல் அரவிந்த் மருத்துவமனையின் ஆரோலேப் மதுரையிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கிய பிறகுதான் அது ஏழைக் கண்ணுக்கும் எட்டியது. சோடாபுட்டியும் மெல்ல மறைந்தது.

முகாமை நடத்தியது எங்கள் அரிமா சங்கம், அதாவது லயன்ஸ் கிளப். அரிமா இயக்கத்துக்கும் கண்ணுக்கும் பழைய உறவு. 1917-ல் சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்ற இன்சூரன்ஸ்காரர் தொடங்கியது இது. 1925-ல் ஹெலன் கெல்லர் இவர்கள் மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றோருக்காகப் பாடுபடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இந்தியாவுக்கு வந்தது 1956-ல். சங்கத்தில் டெயில் ட்விஸ்டர் என்று ஒரு பதவி உண்டு. கூட்டத்தில் கலகலப்பு குறையாமல் பார்த்துக்கொள்வதும், அற்பக் குற்றங்களுக்கு அபராதம் வசூலிப்பதும் அவர் வேலை. தாமதமாக வந்தால் அபராதம், பேட்ஜ் குத்தாமல் வந்தால் அபராதம். எங்கள் ஆள் இன்னொரு படி மேலே போய், பத்திரிகையில் பெயர் வந்தாலும் இரண்டு ரூபாய் வாங்கிவிடுவார். சேவை செய்தவன் தம்பட்டம் அடிக்கக் கூடாதாம். அந்த விதி இன்றும் இருந்து, படத்துக்கு இரண்டு ரூபாய் என்று வசூலித்திருந்தால், அரிமளத்தில் நாங்களே ஒரு கண் ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாம்.

இப்போது முகாம் அறிவிப்பு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. மேலே மாவட்ட ஆளுநர் படம். அவருக்கு இரு பக்கமும் துணை ஆளுநர்கள். அடுத்த வரிசையில் மண்டலம், வட்டாரம். பிறகு எங்கள் தலைவர், செயலாளர், பொருளாளர், முன்னாள் தலைவர்கள். எல்லோரும் கோட்டு போட்டிருக்கிறார்கள், நம் ஊர் வெயிலில். இத்தனை பேருக்கும் கீழே, ஓரமாக, எறும்பு எழுத்தில் முகாம் தேதி. புரை விழுந்தவரை விடுங்கள், புரை விழாத எனக்கே விரலால் பெரிதாக்கினால்தான் தெரிகிறது. ஐந்து நிமிடத்தில் நாற்பது கும்பிடும் ஐம்பது கட்டைவிரலும் வந்து விழும். யாருக்குத் தேதி தெரிய வேண்டுமோ அவரிடம் இருப்பதோ பொத்தான் போன். அதிலும் பச்சைப் பொத்தான் எது என்று தடவித்தான் கண்டுபிடிக்கிறார்.

முகாம் நாளன்று ஃபேஸ்புக் நேரலை வேறு. குத்துவிளக்கு ஏற்றுவது, பொன்னாடை போர்த்துவது, போர்த்தியவருக்கே திருப்பிப் போர்த்துவது எல்லாம் முழுசாக வரும். சோதனை ஆரம்பித்ததும் நேரலை முடிந்துவிடும். மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பப் படம் வேண்டும், படம் போனால் விருது வரும், விருது வந்தால் அதற்கும் ஒரு போஸ்டர்.

ஒரே ஒரு தடவை அந்த வாட்ஸ்அப் குழு வேலை செய்தது, நன்றாகவே செய்தது. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, கரண்ட் போய் டவர் போய் எங்கள் போனெல்லாம் கட்டையாகக் கிடந்தன. வெளியூரிலும் சிங்கப்பூரிலும் இருந்த பிள்ளைகள் குழுவில் தங்களுக்குள் பேசி, பணம் திரட்டி, தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும் அரிசியுமாக லாரி ஏற்றிவிட்டார்கள். போனுக்கு உயிர் வந்த பிறகு பார்த்தால் குழுவில் ஒரு கும்பிடு கூட இல்லை. கணக்கும் வண்டி எண்ணும் மட்டும் இருந்தன. நிர்வாகிகளான நாங்கள் யாரும் உள்ளே இல்லாத நாட்கள் அவை.

மைக் கட்டிய கார் இனி வராது, என் தொண்டையும் போய்விட்டது. போஸ்டர் மட்டும் வரும். உங்கள் போனுக்கு வந்தால் கும்பிடு போட்டு நகர்ந்துவிடாதீர்கள். எங்கள் முகங்களையெல்லாம் தாண்டிக் கீழே போய்த் தேதியைக் கண்டுபிடியுங்கள். பக்கத்து வீட்டு அப்பத்தாவிடம் போய் அதைச் சத்தமாக வாசித்துச் சொல்லுங்கள். காது கொஞ்சம் மந்தமாக இருந்தால் இரண்டு தடவை.