உபாய விசாரம்

சாமம், தானம், பேதம், தண்டம் என்று உபாயங்களை நான்காக வகுத்த நீதி நூலார், அந்நான்கினுள்ளும் அடங்காது ஊரெங்கும் வழங்கிவரும் 'எப்படியாவது' என்னும் மகா உபாயத்தை எங்ஙனம் கவனியாது விட்டனர் என்பது பண்டிதர்கள் ஆராயத்தக்க விஷயமாகும். ஆங்கிலேயர் இதனைப் 'பை ஹூக் ஆர் பை குரூக்' என்பர். கொக்கியென்றும் வளைகோலென்றும் இரண்டு கருவிகளையாவது அவர்கள் கையில் வைத்துக்கொண்டு பேசினர். நம்மவர் வெறுங்கையோடு பேசுவர். வழிவகைகளை ஆராய்வதற்கென்றே அவர்கள் பார்லிமெண்டில் ஒரு கமிட்டி வைத்திருந்து, 1967-ல் அதனைக் கலைத்தும் விட்டனர். கமிட்டித் தலைவர் என்ற பதவி மட்டும் இன்றளவும் நிலைத்திருக்கிறது. அந்த வித்தையை அவர்களிடம் போய்க் கற்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

இவ்வுபாயத்தின் பலாபலத்தைச் சோதிக்கக் கும்பகோணத்திற்கு மேற்கே, காவிரிக் கரையிலுள்ள சுவாமிமலையே உத்தமமான க்ஷேத்திரம். வெளியூரிலிருந்து பஞ்சலோக விக்கிரகம் செய்யச் சொல்ல வரும் கனவான், பட்டறைத் திண்ணையில் அமர்ந்து, "எப்படியாவது வெள்ளிக்கிழமைக்குள்ளே முடிச்சுக் கொடுத்துடணும்" என்பார். ஸ்தபதி, தென்னை ஓலை நறுக்கை மடித்து மெழுகு உருவின் முகத்தை அளந்துகொண்டே, தலை நிமிராமல், "பார்த்துச் செய்வோம்" என்பார். யார் பார்ப்பது, எதைப் பார்ப்பது, பார்த்தபின் செய்வது நிச்சயமா என்ற மூன்று வினாக்களுக்கும் அவ்வாக்கியத்தில் விடையில்லை. விடையில்லாமையே அதன் சிறப்பு.

தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து வனைந்த உருவின்மேல் காவிரி வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசி நிழலிலே உலர்த்தி, அதன்மேல் பருமனான மண்ணை அப்பி, மறுபடியும் உலர்த்திய பின்னரே அச்சினைச் சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகக் குழம்பை வார்ப்பார்கள். ஈரம் இம்மியளவு இருந்தாலும் குழம்பு பட்டமாத்திரத்தில் அது ஆவியாகி அச்சைப் பிளந்துவிடும். இத்தகைய ஈர மண்ணிடம் நால்வகை உபாயங்களையும் பிரயோகித்தால் நேர்வது யாதெனின்: இன்சொல் அதன் காதில் ஏறாது, அட்வான்ஸை இரட்டித்தால் ஸ்தபதி மகிழ்வாரேயன்றி மண் மகிழாது, "பக்கத்துப் பட்டறையில் சீக்கிரம் முடிப்பார்களாமே" என்ற பேதத்திற்கும் பயனில்லை, அங்கே இருப்பதும் இதே வண்டல், தண்டமோ, தட்டினால் கையோடு பெயர்ந்து வரும். ஐப்பசி மழைக்காலமாயின் விக்கிரகத்தின் விதி வானத்தின் கையில்.

'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்று இப்பிரதேசத்து மிராசுதார்கள் சொல்வதும் இந்தப் பொறுமையின் பாற்பட்டதே. சம்பா அறுப்பு முடிந்தால், அதுவரை வழுக்கு வரப்பில் சுற்றிச் சென்றவர் தாளடியின் குறுக்கே நேராக நடக்கலாம்; கடன்காரரும் அவ்வாறே நேராக வரலாம்.

இனி, ஐந்தாவதாக ஓர் உபாயமும் உண்டு. பிரபவ முதல் அக்ஷய வரை ஆண்டுப் பெயர் பூண்ட அறுபது படிகளின் மேல், கட்டுமலையில் எழுந்தருளியிருக்கும் சுவாமிநாதனிடம் பிரணவப் பொருளைக் கேட்க விரும்பிய தந்தையார், சர்வ வல்லமை படைத்தவராயிருந்தும், அதட்டவுமில்லை, ஆசை காட்டவுமில்லை. கைகட்டி, வாய்பொத்தி, சீடராக நின்றார் என்பது ஸ்தலபுராணம். காரியமும் ஆயிற்று. ஆபீஸ் வாசற்படியை மிதித்ததும் நம்மவரின் தோள்துண்டு தானே இடுப்புக்கு இறங்குவது இந்தச் சம்பிரதாயத்தின் தொடர்ச்சியென்பது என் துணிபு; மறுப்போர் வேறு காரணம் காட்டுக.

மேற்படி கனவானும் கடைசியில் இதனைக் கைக்கொண்டு, எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டி, "நீங்க பார்த்து எப்போ சொன்னாலும் சரிங்க" என்றாராயின், ஸ்தபதி ஓலையைக் கீழே வைத்து முதன்முறையாக அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்து, "காபி சாப்பிடுங்க, மழை விட்டதும் சொல்லியனுப்புறேன்" என்பார்.