இசைவாழ்க்கைப் படப் பகடியும் கோயமுத்தூர் ரசிகரின் எதிர்வினையும்

இசைக்கலைஞரின் வாழ்க்கை வரலாற்றுப் படங்களைக் கேலி செய்யும் படமொன்றைப் பார்த்த ரசிகரிடம் ஏற்படும் மாற்றம் இரண்டு கட்டங்களில் நிகழ்கிறது. முதல் கட்டம் சிரிப்பு. படம் முடிந்து வண்டியை எடுப்பதற்குள் அடங்கிவிடும். இரண்டாம் கட்டம் அதற்குப் பிறகு தொடங்கி ஆயுளுக்கும் நீடிக்கும். கேலிக்கு உள்ளான அந்த வகைப் படம் எதையும் ரசிகரால் இனி ஒழுங்காகப் பார்க்க முடியாது. ஆய்வுக்குரியது இந்த இரண்டாம் கட்டமே.

இதற்குக் காரணமான படங்களில் தலையாயது, ஜேக் காஸ்டன் இயக்கத்தில் 2007இல் வந்த ‘வாக் ஹார்ட்: த டூயி காக்ஸ் ஸ்டோரி’. நாயகன் ஜான் சி. ரைலி. ரே சார்ல்ஸின் கதையான ‘ரே’ (2004), ஜானி கேஷின் கதையான ‘வாக் த லைன்’ (2005) ஆகியவற்றிலிருந்து இது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. நிஜத்தில் சார்ல்ஸின் தம்பி துவைக்கும் தொட்டியில் மூழ்கி இறந்தார்; சில காலத்தில் சார்ல்ஸுக்குப் பார்வையும் போனது. கேஷின் அண்ணன் ரம்ப விபத்தில் இறந்தார். பகடிப் படத்தில் நாயகனின் சகோதரன் வெட்டரிவாளால் இரண்டு துண்டாகிறான். அதிர்ச்சியில் நாயகனுக்கு மோப்பம் போய்விடுகிறது. செத்திருக்க வேண்டியவன் நீதான் என்று அப்பா படம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கோபம் வரும்போதெல்லாம் நாயகன் வாஷ்பேசினைச் சுவரோடு பிடுங்கி எறிகிறார்.

கொங்கு ரசிகர் மற்ற வட்டாரத்தாரிடமிருந்து பிரிவது இந்த வாஷ்பேசின் காட்சியில்தான். மற்றவர் சிரிக்கும்போது இவர் கணக்குப் போடுகிறார். பேசின் என்ன விலை, குழாய் என்ன விலை, டைல்ஸ் பெயர்ந்திருந்தால் கொத்தனார் கூலி எவ்வளவு. பம்புசெட்டும் கிரைண்டரும் செய்து விற்கும் ஊரில் வளர்ந்தவருக்கு இது அனிச்சைச் செயல். கணக்கு முடிந்ததும் கேள்வி வரும்: “பாட்டு வரலீன்னா பேசின் என்னங்க பண்ணும்?” கேட்டவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இராது. கோயமுத்தூர்க் குசும்பு இப்படித்தான் வேலை செய்யும். மரியாதையில் துளி குறையாது. கிண்டல் என்பது எதிரில் இருப்பவருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைக்கும். ரைலியின் நடிப்பும் இதே மரபைச் சேர்ந்தது. தான் இருப்பது சிரிப்புப் படம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கும்.

தமிழில் அந்த இரண்டாம் கட்டத்தைப் பரப்பியது சி.எஸ். அமுதனின் ‘தமிழ்ப் படம்’ (2010). அது இசைக்கலைஞர் கதை அல்ல. எனினும் அதில் வரும் ‘ஓ மஹஸீயா’ பாட்டு முழுவதும் திரைப்பாடல்களில் உலவும் பொருளற்ற ஒலிகளால் ஆனது. அதைக் கேட்டவர், உருக்கமான டூயட்டிலும் அத்தகைய ஒலிகளைத் தனியே பொறுக்கி எடுக்கத் தொடங்கினார். இரண்டாம் கட்டத்தின் சந்தேகமற்ற அறிகுறி இது.

கேலிக்கு உள்ளான வாய்பாடோ கோவைக்குப் பழையது. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்ட ‘சிவகவி’யில் (1943) சிவனைத் தவிர யாரையும் பாட மறுக்கும் புலவரை முருகன் வழிக்குக் கொண்டுவருகிறான். அங்கேயே எடுத்த ‘ஹரிதாஸ்’ (1944) நாயகன் ஆட்டம் போட்டு, கால்களை இழந்து, திருந்திப் பாடுகிறான். செருக்கு, சரிவு, தெளிவு, பாட்டு. ஹாலிவுட் பின்னாளில் ஆஸ்கர் வாங்கிய வரிசையும் இதுதான். இரண்டிலும் நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் சொந்த வாழ்க்கை இந்த வரிசைக்கு அடங்கவில்லை. ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டிருந்தபோதே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். ‘சிவகவி’யை இயக்கிய ஸ்ரீராமுலு நாயுடுவும் அவ்வழக்கில் சேர்க்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். பாகவதர் 1947இல் விடுதலையானார், பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை, 1959இல் மறைந்தார். இங்கே பகடிக்கு வேலை இல்லை.

இசைக்கலைஞர் கதைகளில் சிரிப்புப் பங்கு கொங்கு நாட்டுக்காரர் கையில் இருந்ததும் குறிக்கத் தக்கது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தின் வைத்தி, தாராபுரத்து நாகேஷ். நாதஸ்வரத்துக்கும் நாட்டியத்துக்கும் நடந்த போட்டியைக் கரகத்துக்குக் கொண்டுவந்த ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தின் தவில்காரர், உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் கவுண்டமணி. வித்துவச் செருக்கு நிற்க வேண்டிய இடத்தில் அங்கே வாழைப்பழக் கணக்கு நின்றது. இரண்டு மாதிரிகளை வைத்துப் பொது விதி கூறுவது ஆய்வு நெறி ஆகாது. ஆனால் கொங்கு நாட்டில் மூன்றாவது மாதிரியை யாரும் கேட்பதில்லை.

பகடியால் அந்த வகைப் படங்கள் திருந்தின என்று கூற ஆதாரம் இல்லை. ‘வாக் ஹார்ட்’ எடுக்க 3.5 கோடி டாலர் ஆனது. வசூல் சுமார் 2 கோடி. பதினோரு ஆண்டு கழித்து அதே வாய்பாட்டில் ‘பொஹிமியன் ராப்சடி’ (2018) வந்து நான்கு ஆஸ்கர் வாங்கிப் போனது. மாறியவர் ரசிகர் மட்டுமே.

அவருக்கு அடுத்த சோதனைக்கும் அறிவிப்பு வந்தது. தனுஷ் நடிப்பில் அருண் மாதேஸ்வரன் இயக்குவதாக இளையராஜா வாழ்க்கைப் படம் 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. பண்ணைப்புரம், அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிகள், சென்னைப் பயணம், ‘அன்னக்கிளி’ (1976) வாய்ப்பு என நடந்த உண்மையே வாய்பாட்டோடு ஒத்துப்போகிறது. முதல் பாட்டுப் பதிவில் கரண்ட் போனதாகச் சொல்லப்படும் கதை வேறு இருக்கிறது. பகடியை முன்பே பார்த்துவிட்ட வாசகர்கள், அந்தக் காட்சி வருவதற்குள் பக்கத்து இருக்கைக்காரரிடம் “இப்பக் கரண்ட் போகும் பாருங்க” என்று சொல்லாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அவரும் காசு கொடுத்துத்தான் டிக்கெட் வாங்கியிருப்பார்.