கென்யா தெரிகிறது, காம்பரா தெரியவில்லை

மாத்தளையில் ஒரு தோட்டக் கம்பனி மறுசீரமைக்கப்படப் போகிறது என்று காதில் விழுந்தால், அடுத்த கிழமையே கொழும்பிலிருந்து ஒரு வெள்ளை ஜீப் வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். இறங்குகிறவர் மனிதவள ஆலோசகர். அட்டைக்குப் பயந்து காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டிருப்பார். அவர் செய்ய வந்திருக்கும் காரியத்துக்குப் புறச்சூழல் ஆய்வு என்று பெயர். நிறுவனம் மாறும்போது வெளியே என்ன நடக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப ஆளெடுப்பதையும் ஆளைப் பழக்குவதையும் சம்பளத்தையும் தீர்மானிக்க வேண்டுமாம். நல்ல விஷயம்தான். அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சட்டம், இயற்கை என்று ஆறு கட்டம் போட்டு நிரப்புவார். கென்யாவின் ஏல விலை அதில் இருக்கும். ட்ரோன் இருக்கும். ஐரோப்பியர்கள் என்ன சான்றிதழ் ஒட்டிய தேயிலையைக் குடிக்கிறார்கள் என்பதும் இருக்கும்.

ஜீப் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவுக்குத்தான் கட்டம் கிடையாது.

இந்தக் கலையை 1967இல் புத்தகமாக எழுதியவர் ஹார்வர்டைச் சேர்ந்த பிரான்சிஸ் அகிலார். முகாமையாளர்கள் வெளியுலகைப் பார்க்கும் விதத்தை அவர் நான்காகப் பிரித்தார்: சும்மா கண்ணை ஓட்டுவது, ஒன்றை மனதில் வைத்துக் கவனிப்பது, அங்கங்கே விசாரித்துப் பார்ப்பது, திட்டம் போட்டுத் தேடுவது. மனிதர் மாத்தளையின் எல்கடுவப் பக்கம் ஒரு தரம் வந்திருந்தால் ஐந்தாவதையும் சேர்த்திருப்பார்: பாராமுகம்.

நிறுவன மாற்றம் என்பது எங்கள் மலையகச் சனத்துக்குப் புதிதில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை வெள்ளைக்காரக் கம்பனிகளிடமும் உள்ளூர் முதலாளிகளிடமும் இருந்து பிடுங்கி அரசின் கையில் கொடுத்தன. அதே காலத்தில் லயங்களில் பட்டினி கிடந்து செத்தார்கள். ஏற்கெனவே 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்து வைத்திருந்தது. ஆட்குறைப்பு என்று மேலாண்மைப் பாடத்தில் படிக்கிறார்களே, அதை இரண்டு பிரதமர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து, சம்பந்தப்பட்ட ஒருவரையும் கேட்காமல் முடித்தார்கள். அண்ணன் ஒரு பட்டியலில், தங்கச்சி இன்னொரு பட்டியலில்.

பிறகு 1992. ஜனவசம என்று நாங்கள் சொல்லும் மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நட்டத்தில் தள்ளாட, தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளாகக் கூறுபோடப்பட்டுத் தனியாருக்குப் போயின. குத்தகை 53 வருடம். சபையிடமும் கூட்டுத்தாபனத்திடமும் மிச்சம் மீதி சில தோட்டங்கள் தங்கின. எல்கடுவக் கம்பனியும் அரசிடமே நின்றது. அன்றிலிருந்து இந்த மூன்றையும் இணைப்பதா, பிரிப்பதா, குத்தகைக்கு விடுவதா என்று ஒவ்வொரு அரசாங்கமும் யோசித்துக்கொண்டே இருக்கிறது. இந்த மாவட்டத்துத் தோட்டங்களில் வேலை குறையாத ஒரே ஆள், பெயர்ப்பலகைக்குப் பெயின்ட் அடிக்கிறவன்.

ஆலோசகர் சட்டம் என்று போட்ட கட்டத்துக்கு வருவோம். ஐரோப்பியச் சான்றிதழ் வரை தேடிப் போகிறவர் உள்ளூர்ச் சட்டம் மூன்றைப் படித்தால் போதும். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் கழித்து, நிர்வாகம் 12 வீதம் போட்டு, அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் பிந்தினால் மேலதிகக் கட்டணமே 50 வீதம். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3 வீதம். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருடம் வேலை செய்து விலகியவருக்கு 30 நாளில் பணிக்கொடை. மேலே சொன்ன அரச தோட்ட நிறுவனங்கள் மூன்றும் இந்த மூன்றிலும் வருடக்கணக்காக நிலுவை வைத்தன. இது அமைச்சரவைக்குப் போனது, பாராளுமன்றத்தில் பேசப்பட்டது, வரவு செலவுத் திட்டத்தில் ஏறி இறங்கியது.

இதன் அழகைக் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். சட்டம் போட்டது அரசு. கட்டாமல் விட்ட முதலாளி அரசு. அந்த முதலாளிமேல் வழக்குப் போட வேண்டிய தொழில் திணைக்களம் அரசு. காசு போய்ச் சேர வேண்டிய மத்திய வங்கியும் அரசு. நாலு பேரும் ஒரே வீட்டில் குடியிருந்துகொண்டு ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். முப்பது நாற்பது வருடம் கொழுந்தெடுத்துவிட்டு வேலையிலிருந்து பேர் வெட்டிய மனுஷி தோட்டத்து ஆபீஸ் ஜன்னலில் நிற்கிறார்.

"ஐயா, எங் காசு?"

"திறைசேரியிலருந்து வரலையே ஆயி. வந்தா சொல்லி அனுப்புறோம்."

தனியார் கடையில் ஒருவன் கல்லாவிலிருந்து எடுத்தால் பொலிஸ் வரும். சம்பளத் துண்டில் கழித்ததாகக் காட்டிய காசு சேர வேண்டிய இடத்துக்கு உரிய காலத்தில் போகாவிட்டால், அது "நிறுவனத்தின் பணப்புழக்கச் சவால்" ஆகிவிடுகிறது. களவுக்கு இவ்வளவு மரியாதையான பெயரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அப்புறம் ஆலோசகர் ஒரு பெரிய கண்டுபிடிப்புச் செய்வார்: தொழிலாளர் பற்றாக்குறை. இளைஞர்களின் மனப்பாங்கு மாறிவிட்டது, தோட்ட வேலையைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். தீர்வு: மனப்பாங்கு மாற்றத்துக்கு ஒரு நாள் பயிற்சிப் பட்டறை, மதியம் சோற்றுப் பார்சலோடு. உக்குவளையிலும் இரத்தோட்டையிலும் பஸ் ஏறிக் கொழும்புக் கடைகளுக்குப் போகும் பிள்ளைகளிடம் மனப்பாங்கு ஒன்றும் மாறவில்லை. கணக்குத்தான் தெரிந்திருக்கிறது. 2015இல் கேட்ட ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021இல்தான் வந்ததையும், 2024 மே தினத்தில் அறிவித்த 1,700 நீதிமன்றப் படியேறித் திரும்பி செப்டெம்பரில் 1,350 ஆக இளைத்ததையும் பார்த்தவர்கள் அவர்கள். கொழுந்து குறைந்தால் அரைநாள் சம்பளமாக அரைப்பேர் விழுவதைப் பிள்ளைக்காம்பரா வயதிலிருந்தே பார்த்தவர்கள். அம்மா ஆபீஸ் ஜன்னலில் நின்றதையும் பார்த்தவர்கள். புறச்சூழல் ஆய்வு என்றால் அவர்கள் செய்ததுதான் ஆய்வு.

இயற்கைக் கட்டத்தை நிரப்ப மட்டும் ஆலோசகருக்கு ஒரு சிரமமும் இல்லை. நக்கிள்ஸ் மலையின் படம் ஒன்று போதும். மலைக்குப் போகிற பொம்பிளைக்கு அது வேறு மாதிரி. எந்த மரத்தில் குளவி கட்டியிருக்கிறது, எந்தக் கானில் தண்ணீர் திடீரென்று கலங்குகிறது, எந்தப் பற்றைக்குள் சிறுத்தை படுக்கும் என்று பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மாத்தளை மாவட்டத்திலும் மலை சரிந்தது. சரிவில் யாரைக் குடிவைத்தோம் என்ற கேள்வி எந்த மனிதவள அறிக்கையிலும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. குடியிருப்பு பொறியியல் விஷயமாம், மனிதவளத்தில் சேராதாம். 2021 மேயில் ஒரே வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்திவிட்டு நவம்பரில் பின்வாங்கியதும் அரசுதான். அரச தோட்டத்தின் அறிக்கையில் "அச்சுறுத்தல்கள்" என்ற தலைப்பின் கீழ் முதல் வரியாக உரிமையாளரின் பெயரை எழுதும் துணிவுள்ள ஆலோசகர் இன்னும் பிறக்கவில்லை.

சமூகம் என்ற கட்டத்துக்கு 2023 ஜூலையும் ஆகஸ்டும் போதும். மலையகத்துக்கு 200 வருடம் என்று ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபவனி புறப்பட்டது. கோப்பித் தோட்டத்துக்கு வந்த முன்னோர் காட்டு வழியில் செத்து விழுந்த அதே பாதை. ஆகஸ்ட் 12இல் மாத்தளையை வந்தடைந்தார்கள். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை: காணி, வீடு, மற்றவர்களுக்குச் சமமான உரிமை. அதே மாதம், நடந்து வந்தவர்களின் கால் கொப்புளம் ஆறுவதற்குள், எல்கடுவ ரத்வத்தை தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடிலைத் தோட்ட நிர்வாகி ஒருவரே உடைத்தார். காணொளி நாடெங்கும் ஓடியது. அப்போதைய அமைச்சர் ஜீவன் தொண்டமான் நேரில் போய்ச் சத்தம் போட்டார். அந்தச் சத்தமும் காணொளியானது. இருநூறு வருடம் இருந்த மண்ணில் ஒரு தகரக் குடில் "அனுமதியற்ற கட்டுமானம்" ஆவதற்கு எந்த மறுசீரமைப்பும் தேவைப்படவில்லை.

ஆகவே அடுத்த மறுசீரமைப்புக்கு என்னிடம் ஒரு சிறிய யோசனை இருக்கிறது. ஆலோசகரையும் சம்பளப் பதிவான செக்ரோலில் போடுங்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வரட்டும். அறிக்கையில் பக்கம் குறைந்தால் அரைப்பேர் போடுங்கள். கட்டணத்தில் 8 வீதத்தைக் கழித்து எங்கேயாவது வையுங்கள். மிச்சத்துக்கு ஜன்னலில் வந்து நின்றால் திறைசேரியிலிருந்து காசு வரவில்லை என்று சொல்லி அனுப்புங்கள். தங்குவதற்கு லயத்தில் ஒரு காம்பரா கொடுங்கள். மழை ஒழுகுகிறது என்று இஸ்தோப்பில் ஒரு தகரத்தைச் சாய்த்தால் ஆள்விட்டுப் பிடுங்கி எறியுங்கள். இரண்டாம் மாதமும் அவர் வந்தால் பார்ப்போம். வராவிட்டால், ஆலோசகர்களின் மனப்பாங்கு மாறிவிட்டது என்று நாங்கள் ஓர் அறிக்கை எழுதித் தருகிறோம். பட்டறைக்குச் சோற்றுப் பார்சலும் எங்கள் செலவு.