தழையில்லாத செடிக்குத் தழைச்சத்து

பணி ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் ஆறு கள்ளிச்செடிகள் வாங்கினேன். “இதுங்களுக்கு நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம் சார்” என்று நர்சரிக்காரர் சொன்னதுதான் காரணம். மூன்று மாதமாக நானும் ஒன்றுமே செய்யாமல்தான் இருந்தேன். ஜாதகம் பொருந்தியது.

மேற்கு மாம்பலத்து ஃப்ளாட்டின் பால்கனியில் வரிசையாக வைத்துவிட்டு நாலு நாள் பார்த்தேன். துளிர்க்கவும் இல்லை, வாடவும் இல்லை. ஆறில் ஒன்று ஒட்டுச்செடி. பச்சைத் தண்டின் உச்சியில் செக்கச்செவேலென்று ஓர் உருண்டை. அந்த உருண்டைக்குப் பச்சையமே கிடையாது. தன் சாப்பாட்டைத் தானே சமைக்கத் தெரியாது. கீழே இருக்கும் டிராகன் பழக் கள்ளித் தண்டு வெயிலில் நின்று சமைத்து மேலே அனுப்ப வேண்டும். விஷயத்தைக் கேட்டதும் என் மனைவி அதற்கு ‘வீட்டோட மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை என்று ஆன பிறகு விருந்து வைக்காமல் எப்படி?

மாடி வீட்டு மாமி அரிசி கழுவின தண்ணீரைச் சிபாரிசு செய்தார். எதிர்வீட்டுக்காரர் கடலைப்பிண்ணாக்கை ஊறவைக்கச் சொன்னார். அதன் வாசனை பற்றி மட்டும் சொல்லவில்லை. வாட்ச்மேன் முட்டை ஓடு என்றார். மாமி காதில் விழாமல் மெதுவாகச் சொன்னார். குழம்பிப்போய் உரக்கடைக்கே போனேன்.

அங்கே டப்பா டப்பாவாக எண்கள். 19:19:19 என்றால் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு. தமிழில் இவற்றுக்குப் பெயர் வைத்தவர் கள்ளியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். என் செடிகளில் தழையும் இல்லை, மணியும் இல்லை. சாம்பலாவது ஒன்றுதான் பாக்கி. ஆனாலும் பந்தியில் மூவருக்கும் சமமாகப் பரிமாறும் அந்த நியாயம் பிடித்துப்போய், ஒரு கிலோ டப்பா வாங்கினேன். அரைக் கிலோவைவிட மலிவாக வந்தது என்பது உபகாரணம்.

லிட்டருக்கு 2 கிராம் என்று டப்பாவில் போட்டிருந்தது. இரண்டு கிராமை எதால் அளப்பது? கும்பாச்சியாக ஒரு ஸ்பூன், ஒரு சொம்புத் தண்ணீர், வாரம் ஒரு முறை. இரண்டே மாதத்தில் மாப்பிள்ளை பளபளவென்று ஊதினார். “சதை போட்டிருக்கார் பார்” என்று வந்தவர்களையெல்லாம் பால்கனிக்கு இழுத்துப்போய்க் காட்டினேன். தொட்டிமண்ணின் மேல் உப்பளம் மாதிரி வெள்ளை பூத்திருந்ததைக் காட்டவில்லை. ஒருநாள் காலை விரலால் தட்டினேன். விரல் உள்ளே போய்விட்டது.

அழுகின மாப்பிள்ளையைத் தட்டில் வைத்து நர்சரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, “எத்தனை வேளை போட்டீங்க?” என்றார், டாக்டர் மாதிரி. பிறகு பாடம் நடத்தினார். தழைச்சத்து மிஞ்சினால் கள்ளி மளமளவென்று தண்ணீர் கோத்து வளரும், தோல் மெலியும், அழுகல் சுலபமாக உள்ளே நுழையும். மிச்சமான உப்பு மண்ணில் தங்கி வேரைச் சுடும். மற்ற செடிக்குப் போடுவதில் கால் பங்கு, அதுவும் வளரும் பருவத்தில் மட்டும், அதுவும் மண் ஈரமாக இருக்கும்போது. தழைச்சத்து குறைந்த உரமாக இருந்தால் நல்லது. புது மண்ணில் மாற்றி நட்ட வருஷம் அதுவும் வேண்டாம்.

“அன்னைக்கே சொன்னேனே சார், ஒண்ணுமே செய்ய வேணாம்னு.”

திரும்பி வரும்போது சைதாப்பேட்டை நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி டாக்டர் அங்கே கள்ளித்தோட்டம் போட்டார். கள்ளியைத் தின்னும் ஒரு பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பதாகத் திட்டம். அப்படிப் பூச்சிக்குத் தீனி தேடிக் கள்ளி வளர்த்த ஊரில், பின்னால் சப்பாத்திக்கள்ளி காடு மேடெல்லாம் பரவி, அதை ஒழிக்க 1926-இல் இலங்கையிலிருந்து பூச்சியை வரவழைக்க வேண்டியதாயிற்று. அந்தக் காட்டுக்கு யாரும் ஒரு ஸ்பூன் உரம் வைக்கவில்லை.

மாப்பிள்ளை போனாலும் மாமனார் பிழைத்துக்கொண்டார். அழுகின தலையை வெட்டி எறிந்த தண்டு, யாரும் கவனிக்காத மூலையில் பக்கவாட்டில் ஒரு கிளை விட்டிருக்கிறது. சுமை இறங்கிய தெளிவு அதில் தெரிகிறது.

இப்போது என் கவலை டப்பா. 900 கிராம் மிச்சம். நர்சரிக்காரர் கணக்குப்படி லிட்டருக்கு அரை கிராம். எல்லாத் தொட்டிக்கும் சேர்த்து ஒரு தடவைக்கு அரை லிட்டர். வருஷத்துக்கு மூன்று தடவை. ஆண்டுச் செலவு முக்கால் கிராம். வங்கியில் முப்பத்தைந்து வருஷம் கூட்டிக் கழித்தவன் நான், கணக்குத் தப்பாது: இந்த டப்பா 1,200 ஆண்டுகளுக்கு வரும். ராஜராஜ சோழன் பெரிய கோயிலைக் கட்டி முடித்த 1010-இல் திறந்திருந்தால், இன்னும் 2210 வரை பயமில்லை.

மகனுக்குப் போன் போட்டு, உயிலில் இந்த டப்பாவையும் சேர்க்கப்போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் மௌனம்.

“அப்பா, அதுல எக்ஸ்பைரி டேட் பாத்தீங்களா?”