திருக்கோஷ்டியூர் நம்பிகளின் சமூகத்துக்கு

மகா கனம் பொருந்திய இணைய இணைப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு, பல்லாவரத்துச் சந்தாதாரர் ஒருவர் சார்பில் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. வாசிப்பவர்கள் அவரவர் வீட்டு பில்லைப் பார்த்து நிரப்பிக்கொள்வார்கள்.

சென்ற செவ்வாய் இரவு மேற்படியார் வீட்டில் நெட் நின்றது. பெட்டியில் பான் விளக்கு ஆடாமல் அசையாமல் பச்சையாக எரிந்தது. எல்ஓஎஸ் விளக்கில் சிவப்பு இல்லை. அதாவது ஃபைபர் கம்பியில் ஒரு குறையும் இல்லை, வெளிச்சம் வந்துகொண்டுதான் இருந்தது. இதைச் சந்தாதாரர் சொன்னதும் தங்கள் கால் சென்டர் அன்பர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும் சார், ஊக்கு வச்சு பத்து செகண்ட் அழுத்துங்க" என்று திருவாய் மலர்ந்தார். சந்தாதாரர் அழுத்தினார். பெட்டி ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது. உள்ளே பதிந்திருந்த பயனர் பெயர், கடவுச்சொல், இணைப்பின் தடத்தைக் குறிக்கும் விலேன் எண் அத்தனையும் துடைத்துப் போட்டதுபோல் போயிற்று.

மறுபடி அழைத்தபோது எடுத்தவர் வேறு அன்பர். அவர் கேட்டார்: "ரீசெட் பண்ணீங்களா? உங்கள யாரு சார் பண்ணச் சொன்னது?"

சரி, போனது போகட்டும், யூசர்நேமும் பாஸ்வேர்டும் சொல்லுங்கள், நானே போட்டுக்கொள்கிறேன் என்றார் சந்தாதாரர். "அதெல்லாம் கஸ்டமருக்குச் சொல்ல மாட்டோம் சார். பேக்-எண்ட் டீம்தான் போடணும்."

இந்த இடத்தில்தான் தங்கள் பெருமை முழுதாக விளங்கியது. திருமந்திரத்தின் பொருள் கேட்டு வந்த ராமானுஜரைத் திருக்கோஷ்டியூர் நம்பி திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பி, 18ஆவது முறைதான் உபதேசித்தார் என்பது வைணவ மரபு. நம்பிக்காவது 18 என்று ஒரு கணக்கு இருந்தது. தங்களுக்கு அந்தக் குறுகிய புத்தியெல்லாம் கிடையாது.

மந்திரத்தின் மகிமையையும் சொல்ல வேண்டும். அதன் பெயர் பிபிபிஓஇ. தொலைபேசியில் டயல் செய்து இணையத்துக்குள் நுழைந்த காலத்தில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டுக் கணக்கு வைத்த பழக்கத்தை ஈதர்நெட்டுக்கு இழுத்து வந்த முறை அது. 1999இல் ஆர்எஃப்சி 2516 என்ற எண்ணில் வெளியான ஆவணம் இன்றும் யார் வேண்டுமானாலும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. ஃபைபர் இணைப்பிலோ, வீட்டிலிருக்கும் பெட்டியை அதன் வரிசை எண்ணைக் கொண்டே அடையாளம் காண தங்கள் பக்கத்து இயந்திரத்துக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் மந்திரத்தைத் திருடி என்ன செய்துவிடப் போகிறார்? அவர் பெட்டி வேறு, அவர் கம்பி வேறு.

அப்புறம் எதற்கய்யா இந்த ஒளிவுமறைவு? மாதம் பிறந்ததும் முன்பணம் வாங்கிக்கொள்கிறீர்கள், ஜிஎஸ்டி வாங்கிக்கொள்கிறீர்கள், ஒருநாள் பிந்தினால் கம்பியை மூடுகிறீர்கள். உங்கள் ஆளே அழிக்கச் சொன்ன கடவுச்சொல்லைத் திருப்பிக் கேட்டால், கேட்டவனைத் திருடனைப் போல நடத்துகிறீர்கள்.

சமூகம் மன்னிக்க வேண்டும். எழுதுகோல் சற்று வழுக்கிவிட்டது.

மூன்றாம் நாள் தங்கள் சீடர் ஒருவர் எழுந்தருளினார். அந்தப் பையன்மேல் குறையில்லை. மழையில் நனைந்து வந்தவர், அவருக்கு அன்றைக்கு இன்னும் பல வீடுகள் பாக்கி. கைபேசியில் 192.168.1.1 என்று அடித்து உள்ளே போனார். கடவுச்சொல் கட்டம் வந்ததும் உள்ளங்கையால் திரையை மறைத்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றார். சொந்த வீட்டுக் கூடத்தில், சொந்த நாற்காலிக்குப் பக்கத்தில், சந்தாதாரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

ஆனால் கடவுச்சொல் சீடருக்கும் தெரியவில்லை. அலுவலகத்துக்கு அடித்தார், கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். "எழுதிக்கப்பா" என்று மறுமுனை நம்பி உரக்க ஓதத் தொடங்கினார். ராமானுஜர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே உரைத்தாரே, அந்தக் காட்சி பல்லாவரத்தில் இரண்டாவது மாடியில் நடந்தேறியது. கீழ்வீட்டு மாமி வரைக்கும் உபதேசம் ஆயிற்று. மந்திரம் என்னவென்றால், சந்தாதாரரின் கைபேசி எண்.

நெட் வந்தது. மந்திரம் கிடைத்தாலும் மோட்சம் நேரடியாகக் கிடைக்காது என்பதும் உடனே தெரிந்தது. ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் வந்திருந்த முகவரி 100.72 என்று தொடங்கியது. புதிதாகக் கொடுக்க ஐபிவி4 முகவரிகள் இல்லாமல் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. பல வாடிக்கையாளர்களை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் நிறுத்துவதற்கென்று 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகளை 2012இல் ஒதுக்கினார்கள். சந்தாதாரருக்கு வந்ததும் அந்த வரிசையில் ஒன்று. வீட்டில் மாட்டிய கேமராவை இனி வெளியிலிருந்து நேராகப் பார்க்க முடியாதா என்று கேட்டதற்கு, "ஸ்டாட்டிக் ஐபி எடுத்துக்கோங்க சார், தனி சார்ஜ்" என்றார் சீடர். நியாயம்தான். காணிக்கை இல்லாமல் எந்தச் சன்னிதி?

மந்திரத்துக்கே திரும்பி வந்தால், ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. எந்த ரௌட்டரை வைத்துக்கொள்வது என்பது வாடிக்கையாளரின் விருப்பம். இணைப்புக்குத் தேவையான பெயர், கடவுச்சொல் முதலியவற்றை ஒப்பந்தத்தின்போதே, அவர் கேட்காமலே, இலவசமாக, எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். ஆகாயம் இடிந்து விழவில்லை. அங்கே கம்பெனிகளும் நடக்கின்றன, நெட்டும் வருகிறது.

சமூகம் அந்த அளவுக்கு இறங்கி வர வேண்டாம். புதிய இணைப்பு கொடுக்கும் அன்றே பயனர் பெயர், கடவுச்சொல், விலேன் எண் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க உத்தரவிட்டால் போதும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தச் சீட்டு கைக்கு வராமல் நிறுவல் கட்டணத்தைக் கொடுக்காதீர்கள். புகார் சொன்னால் அதன் பதிவு எண்ணை, அதாவது டாக்கெட் எண்ணை, கேட்டு வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி அதைக் கொடுத்தாக வேண்டும், தீர்வு பிடிக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதுவரை ஊக்கைப் பெட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், யார் சொன்னாலும்.